புலம்பெயர் எழுத்து: ஊர் ஏக்கம் மட்டும்தானா?

வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் கவிதை எழுதினால் "தாய்மண் ஏக்கம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவரே கட்டுரை எழுதினால் "அடையாளச் சிக்கல்" என்கிறோம். நாகர்கோவிலில் ஒரு புத்தக வெளியீடு ஆனாலும் கல்லூரிக் கருத்தரங்கு ஆனாலும் இந்த இரண்டு தொடர்களும் தவறாமல் வந்துவிடும். என்ன ஏக்கம், எதனால் சிக்கல், ஒருவர் ஏன் சிலவற்றைக் கவிதையாகவும் சிலவற்றைக் கட்டுரையாகவும் எழுதுகிறார் என்று அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு நின்றுபோகும். தெருவுக்குத் தெரு வளைகுடா போனவர்கள் உள்ள நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த எழுத்து இவ்வளவு மேலோட்டமாக வாசிக்கப்படுவது வருத்தம் தருகிறது.

புதிதாக வாசிக்க வருபவர்களுக்கான விளக்கம் இது. கோட்பாட்டு நூல்களின் பாரமான சொற்கள் எதுவும் தேவையில்லை. நான்கே சொற்களைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் போதும்.

அடையாளம் வேறு, ஒட்டுறவு வேறு

முதல் சொல் அடையாளம். "நீ யார்?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் அது. பதிலில் ஒரு பங்கை நாம் சொல்கிறோம். மறு பங்கைப் பிறர் நம்மேல் எழுதுகிறார்கள். பெயர், தாய்மொழி, சாதி, மதம், பாஸ்போர்ட், ரேஷன் கார்டு எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாவது சொல் ஒட்டுறவு. ஓர் இடத்து மனிதர்கள் நம்மை எதிர்பார்ப்பதும், நாம் அவர்களை எதிர்பார்ப்பதும்தான் ஒட்டுறவு. இதற்குக் காகிதம் கிடையாது. எதிர்பார்ப்பு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

கருங்கலில் பிறந்து, இருபது வருடமாக மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய அடையாளத்தில் ஒரு கீறலும் இல்லை. ஆதார் இருக்கிறது, வீட்டு வரி அவர் பெயரில் வருகிறது, பேச்சில் "எனக்க அம்மை", "அவனுக்க வீடு" அப்படியே இருக்கிறது. அவர் இரண்டு மாத விடுப்பில் வந்திருக்கும்போது பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுகிறது. பந்தலுக்கு ஆள் விடுவது, குழி வெட்டச் சொல்வது, தூரத்து உறவுகளுக்குத் தகவல் சொல்வது என்று எந்த வேலைக்கும் யாரும் அவரைத் தேடுவதில்லை. அவமதிப்பு ஒன்றும் கிடையாது. நாற்காலி போட்டு, மரியாதையாக உட்கார வைக்கிறார்கள். அவர் இல்லாமலே இந்த வேலைகள் நடந்து பழகிவிட்டன, அவ்வளவுதான். அதே மனிதர் மஸ்கட் அறையில் வெள்ளிக்கிழமை மீன்கறி வைக்காவிட்டால் ஐந்து பேர் பட்டினி. அங்கே அவரை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அந்த நாட்டின் எந்தக் காகிதத்திலும் அவர் அந்த ஊர்க்காரர் இல்லை.

அடையாளம் இங்கே இருக்கிறது, ஒட்டுறவு அங்கே நகர்ந்துவிட்டது. ஊரிலேயே இருப்பவருக்கு இவை இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் வேறு வேறு என்று தெரிவதில்லை. ஊரைவிட்டுப் போகும்போதுதான் தனித்தனியாகப் பிரிகின்றன. புலம்பெயர் கவிஞர் எழுதுவது பெரும்பாலும் இந்தப் பிரிவைத்தான். ஊரின் அழகு அதற்கு ஒரு வழி மட்டுமே.

மூன்றாவது சொல் புலம்பெயர்வு. வாழும் இடத்தை விட்டு, வேறு சட்டமோ வேறு மொழியோ நடக்கும் இடத்தில் போய் வாழ்வதை இங்கே அந்தச் சொல்லால் குறிக்கிறோம். விரும்பிப் போனாலும், துரத்தப்பட்டுப் போனாலும் புலம்பெயர்வுதான்.

ஒட்டு பிடிப்பது எப்படி

புலம்பெயர்ந்தவரை வேரோடு பிடுங்கிய மரம் என்று எழுதுவது தேய்ந்துபோன வழக்கம். அந்த உவமை பாதி தவறு என்பது குலசேகரம் பக்கம் ரப்பர் நாற்றங்காலில் நின்று பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும்.

விதை போட்டு முளைத்த ரப்பர் தையின், அதாவது இளங்கன்றின், அடித்தண்டில் பட்டையைச் சன்னல்போலத் திறப்பார்கள். ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 போன்ற ஒரு ரகத்தின் குச்சியிலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு சேர்த்து எடுத்து, அந்தச் சன்னலில் வைத்து, பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டுவார்கள். சுமார் மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து, வைத்த பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். பச்சையாக இருந்தால் ஒட்டு பிடித்தது. பழுப்பாக இருந்தால் போயிற்று. பிடித்தால் மேல்தண்டை வெட்டிவிடுவார்கள். பிறகு வளர்வதெல்லாம் அந்த மொட்டுதான். மரத்துக்கு மொட்டின் ரகப் பெயரே பெயர். நிற்பதும் நீர் உறிஞ்சுவதும் வேறொரு விதையின் வேரில்.

பெயரை அடையாளம் என்றும், பட்டையும் பட்டையும் சேர்ந்த இடத்தை ஒட்டுறவு என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் பச்சையாக இருந்து, உள்தோல் உள்தோலைத் தொட்டால்தான் சேரும். இடையில் அழுக்கு புகுந்தாலோ, மழை நாளில் ஈரம் இறங்கினாலோ, கட்டு தளர்ந்தாலோ பிடிக்காது. அதாவது, வந்தவர் மட்டும் முயன்றால் போதாது. வந்த இடமும் தன் பட்டையைத் திறக்க வேண்டும். "அவர் இன்னும் அந்த நாட்டோடு ஒட்டவில்லை" என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது பக்கத்தை எப்போதுமே விட்டுவிடுகிறார்கள். உவமை இதோடு நிற்கிறது. மொட்டுக்குத் தன் பழைய குச்சியின் நினைவு கிடையாது, மனிதருக்கு உண்டு.

இதுவரை சொன்னது: அடையாளம் கையோடு போகிறது. ஒட்டுறவு போவதில்லை, போன இடத்தில் புதிதாக உண்டாக வேண்டும், அல்லது உண்டாகாமலே போகலாம். உண்டாகுமா என்பதை ஆளின் மனம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

சட்டம் எப்படிக் கவிதைக்குள் வருகிறது

எல்லாப் புலம்பெயர் எழுத்தையும் ஒரே குவியலாகப் போடுவதால்தான் வாசிப்பு குழம்புகிறது. எழுதியவர் எந்த வழியில் போனார் என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. வழியைப் பொறுத்து எழுத்தின் தொனியே மாறும்.

வளைகுடா நாடுகளில் கஃபாலா என்ற முறை உண்டு. தொழிலாளியின் விசாவையும் தங்கும் அனுமதியையும் அவரை வரவழைத்த முதலாளியோடு கட்டிவைக்கும் முறை அது. அண்மை ஆண்டுகளில் சில நாடுகள் இதைத் தளர்த்தியிருக்கின்றன. என்றாலும் வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகும் என்பதுதான் பொது நிலை. எத்தனை வருடம் உழைத்தாலும் சாதாரணத் தொழிலாளிக்கு நடைமுறையில் குடியுரிமை கிடையாது. அதனால் வளைகுடாக் கவிதையில் திரும்பும் நாள் எப்போதும் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அந்தக் கவிதை நாட்களை எண்ணும், தவணையை எண்ணும், கட்டாத வீட்டின் அறைகளை எண்ணும்.

கனடா வேறு. அங்கே நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர் ஐந்து ஆண்டுக்குள் 1,095 நாட்கள் அந்த நாட்டில் இருந்திருந்தால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே அங்கிருந்து வரும் எழுத்தில் கேள்வி வேறாக இருக்கிறது: பிள்ளைகள் எந்த மொழியில் கனவு காண்பார்கள், என்னை எங்கே அடக்கம் செய்வார்கள். இந்தியர் ஒருவர் அப்படி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை நமக்குக் கிடையாது. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வாங்கலாம். ஆனால் அதில் ஓட்டு இல்லை, விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்கவும் முடியாது. கல்குளத்தில் பிறந்தவர் கல்குளத்தில் ஒரு ரப்பர் விளை (தோட்டம்) வாங்க முடியாமல் போவது இப்படித்தான். கவிதையில் "என் மண் என்னை அந்நியன் என்றது" என்று ஒரு வரி வந்தால், அதை மிகையுணர்ச்சி என்று தள்ளுவதற்கு முன் இந்தச் சட்டத்தை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, உயிர் தப்பி ஓடியவர்களுடையது. 1983 ஜூலைக்குப் பிறகு இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழர்களின் எழுத்து இந்த வகை. இங்கே "திரும்பிப் போகலாமே" என்ற சொல்லுக்கே இடமில்லை, திரும்ப வேண்டிய வீடே இல்லாமல் போயிருக்கலாம். நம் மாவட்டத்திலேயே பழவிளை, பெருமாள்புரம் போன்ற இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உண்டு. அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. முகாமில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இந்த ஊர்ப் பேச்சும் பள்ளியும் நண்பர்களும் இருந்தாலும், குடிமகன் என்ற காகிதம் தானாக வந்துவிடுவதில்லை. மஸ்கட்காரருக்கு நேர் எதிர் நிலை இது: இங்கே ஒட்டுறவு உண்டு, அடையாளக் காகிதம் இல்லை.

நான்காவது வழி பலருக்கு நினைவே வருவதில்லை. இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவுக்கும் இந்தியப் பிரதமர் சாஸ்திரிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேர் கணக்கைப் பிறகு பார்ப்பது என்று இரண்டு அரசுகளும் மனிதர்களைப் பங்கு போட்டுக்கொண்டன. அப்படி அனுப்பப்பட்டவர்களில் பலர் இந்த மண்ணைப் பார்த்ததே இல்லை. பாட்டன் சொல்லிக் கேட்டது மட்டும்தான். அவர்களில் ஒரு பகுதியினருக்கு நம் மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை தரப்பட்டது. காகிதம் அவர்களைத் "தாயகம் திரும்பியோர்" என்றது. பிறந்த இடத்தை இழந்தவர்களைத் திரும்பியவர்கள் என்று ஒரு கோப்பு சொல்லும்போது, அதற்கு மறுப்பு எழுத வேறு இடம் இல்லாமல்தான் மலையக எழுத்து கதைக்கும் கவிதைக்கும் வந்தது.

நகராமலே புலம்பெயர்ந்தவர்கள்

புலம்பெயர்வு என்றால் ஆள் நகர வேண்டும் என்று நினைக்கிறோம். எல்லைக்கோடு நகர்ந்தாலும் அடையாளமும் ஒட்டுறவும் பிரியும். இதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தை "வடவேங்கடம் தென்குமரி ஆயிடை" என்று வரையறுக்கிறது. அந்தக் குமரி முனை, 1956 அக்டோபர் 31 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழ் நிலத்துக்கு எல்லை சொன்ன ஊர், தமிழ் மாநிலத்துக்கு வெளியே. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களையும் தாய்த்தமிழகத்தோடு சேர்க்கப் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு, உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று அந்த நான்கும் புதிய மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அன்று காலை யாரும் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. ஆனால் தலைநகரம் மாறியது, அலுவலக மொழி மாறியது. மேற்குப் பகுதிகளில் பழைய பிரமாணங்கள் (நிலப் பத்திரங்கள்) மலையாளத்தில் இருந்ததால், சொந்த நிலத்தின் எல்லையைப் படிக்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டியவர்கள் இருந்தார்கள்.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். நிற்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு அந்த அரண்மனையின் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய், பூஜை முடிந்து திரும்புகிறார்கள். மாநில எல்லை 1956இல் வந்தது. அந்த மூன்று தெய்வங்களையும் எதிர்பார்க்கும் ஊர் அதனால் மாறவில்லை. அடையாளத்தைக் கோடு போட்டுப் பிரிக்கலாம், ஒட்டுறவை அப்படிப் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் மீனவர்களும் இப்படித்தான். வீடும் ஓட்டும் கோயிலும் இந்தப் பக்கம். தொழில் பெரும்பாலும் கொச்சித் துறைமுகத்திலிருந்து. இவர்களைப் பற்றி எழுதும்போது புலம்பெயர் எழுத்து என்று யாரும் வகைப்படுத்துவதில்லை. வகைப்படுத்த வேண்டும் என்பது எங்கள் கருத்து.

கவிதை என்ன செய்கிறது

ஒருவரே கவிஞராகவும் கட்டுரையாளராகவும் இருந்தால், அவருடைய இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்ல பயிற்சி. இங்கே விளக்கத்துக்காகவே நாங்கள் எழுதிய சில வரிகளை எடுத்துக்கொள்வோம்.

மேல்கட்டில், எண் பதினேழு.
வெள்ளிக்கிழமை அம்மைக்கு ஃபோன்.
"மழை உண்டா?"
"உண்டு மக்கா, ஓடை நிறைஞ்சு போவுது."
ஜன்னலைத் திறந்தேன்.
பக்கத்து அறை ஏசியிலிருந்து
சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.
"இங்கயும் உண்டும்மா."

இதில் பேசும் "நான்" யார்? நான்காவது சொல் இங்கே தேவைப்படுகிறது: கவிதைசொல்லி. கவிதைக்குள் பேசும் குரலைக் கவிதைசொல்லி என்கிறோம். அது எழுதியவராக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. இந்த வரிகளை எழுதிய எங்களுக்கு எண் பதினேழுக் கட்டில் கிடையாது. இதை மறந்துவிட்டுக் கவிதையை எழுதியவரின் வாழ்க்கை வரலாறாகப் படிப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை.

அடுத்து, அந்தக் கவிதைசொல்லி எங்கே நிற்கிறார், எதைப் பார்க்கிறார் என்று கேட்க வேண்டும். நிற்பது எண் போட்ட ஒரு கட்டிலில். பார்ப்பது இரண்டு தண்ணீரை: காதால் ஓடையை, கண்ணால் ஏசிச் சொட்டை. முகவரி வெறும் எண்ணாக இருக்கிறது. உறவு சொல்லிக் கூப்பிடுவது அம்மை மட்டும்தான், "மக்கா" என்று. அடையாளம் எண்ணாகச் சுருங்கிய இடத்தில் ஒட்டுறவு ஒரு விளியில் நிற்கிறது. ஏக்கம், தனிமை, வேர் என்ற எந்தச் சொல்லும் வரவில்லை.

கடைசி வரி ஒரு பொய். அதுதான் கவிதையின் மையம். அம்மை ஊர் மழையைச் சொல்கிறாள். மகன் தான் இருக்கும் இடத்திலும் மழை என்று சொல்லி இரண்டு இடங்களுக்கும் ஒரே வானத்தைப் போட்டுவிடுகிறான். ஏன் பொய் சொன்னான் என்று கவிதை விளக்காது, விளக்கினால் கெட்டுவிடும். இதன் முடிவில் "என் வேர்கள் அங்கே, கிளைகள் இங்கே" என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். எட்டு வரி செய்த வேலையை ஒன்பதாவது வரி தின்றுவிடும். மாற்றி எழுதிப் பார்க்க இன்னொரு வழி: "உண்டு மக்கா" என்பதை "ஆம் மகனே, பெய்கிறது" என்று ஆக்குங்கள். பொருள் மாறவில்லை, அம்மை காணாமல் போய்விட்டாள்.

கட்டுரை என்ன செய்கிறது

அதே ஆள் அதே விஷயத்தைக் கட்டுரையாக எழுதினால் வேறு வேலை தொடங்கும். கட்டிலுக்கு எண் ஏன் வந்தது என்று கேட்பார். ஓர் அறையில் எத்தனை பேர், வாடகையை யார் கொடுக்கிறார்கள், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் ஃபோன், அனுப்பும் பணத்தில் வட்டிக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று எழுதுவார். கவிதை பொய்யை அப்படியே விட்டுவிட்டது. கட்டுரை அந்தப் பொய்யின் காரணத்தைத் தேடும். உண்மையைச் சொன்னால் அம்மை "போதும், வந்துவிடு" என்பாள், விசாவுக்கு வாங்கிய கடன் தீராமல் வர முடியாது.

கவிதையில் எண்ணும் விவரமும் ஏற்றினால் மூச்சு முட்டும். கட்டுரையில் அவற்றை விட்டுவிட்டால் வெறும் புலம்பலாகும். புலம்பெயர் கட்டுரை தோற்பது பெரும்பாலும் இங்கேதான்: "இரண்டு உலகங்களுக்கு நடுவே நிற்கிறேன்" என்று தொடங்கி, எந்தத் தெரு, எந்த வேலை, எந்தச் சட்டம் என்று கடைசிவரை சொல்லாமலே முடிந்துவிடும்.

சுருக்கமாக: கவிதை பிரிவை உணரவைக்கிறது, கட்டுரை பிரிவின் காரணங்களைக் கணக்கெடுக்கிறது. ஒன்றிடம் மற்றதன் வேலையைக் கேட்கக் கூடாது.

யார் பக்கத்திலிருந்து பார்க்கிறோம்

போனவர் மட்டும்தான் இதை எழுத முடியும் என்பது இன்னொரு தவறான எண்ணம். பாரதியார் ஃபிஜித் தீவுக்குப் போனதில்லை. ஆனாலும் அங்கே கரும்புத் தோட்டத்தில் மாட்டிக்கொண்ட இந்தியப் பெண்களைப் பற்றி எழுதினார். 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்கள் ஐந்து ஆண்டு ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் தென்னிந்தியர்களும் ஏற்றப்பட்டார்கள். பாரதியார் "நான் கண்டேன்" என்று எழுதவில்லை. "விம்மி விம்மி விம்மி விம்மியழுங் குரல் கேட்டிருப்பாய் காற்றே" என்று, அங்கே போய்வரக்கூடிய காற்றைக் கேட்கிறார். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், கேள்வியாகவே வைத்தது கைதேர்ந்த முறை. போகாதவர் எழுத விரும்பினால் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

பழைய நூல்களிலும் பார்வைப் பக்கம் முக்கியம். பட்டினப்பாலை "புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்" என்று காவிரிப்பூம்பட்டினத்தைப் புகழ்கிறது. சொல்வது வரவேற்ற நகரத்தின் வாய். வந்தவர்களுக்கு அங்கே இனிதாக இருந்ததா என்று அவர்கள் சொன்ன பாட்டு நம் கையில் இல்லை. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்பதை எல்லாப் புலம்பெயர் மேடையிலும் எழுதிவைக்கிறோம். புறநானூற்று 192ஆம் பாட்டு பதின்மூன்று அடி கொண்டது. பேராற்றில் மிதந்து போகும் தெப்பம்போல உயிர் முறைவழிப் போகிறது. ஆகையால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று அது முடிகிறது. வாழ்க்கையைப் பற்றிய ஆழ்ந்த தெளிவு அது. விசாவுக்கு வரிசையில் நிற்பவரின் துயரத்துக்கு அந்த முதலடியைப் பதிலாகக் கொடுப்பது, பாட்டுக்கும் நியாயமில்லை, அவருக்கும் நியாயமில்லை.

ஊரில் தங்கியவர்களின் பக்கம் நம்மிடம் பழமையானது. பொருள் தேடிப் பிரிந்த தலைவனை எண்ணித் தலைவி பேசும் பாலைப் பாட்டுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. "முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை" என்று தொல்காப்பியம் கடற்பயணத்தில் பெண்ணைச் சேர்க்கவில்லை. அந்த நூல் அரங்கேறிய அவையில் இருந்த அதங்கோட்டாசான், விளவங்கோட்டு அதங்கோட்டைச் சேர்ந்தவர் என்பது இந்தப் பகுதியின் நம்பிக்கை. இன்று வளைகுடா நாடுகள் பலவற்றில் குறிப்பிட்ட சம்பளத்துக்குமேல் வாங்குபவர்தான் குடும்ப விசா எடுக்க முடியும். கொத்தனாரும் மீன்பிடித் தொழிலாளியும் பெரும்பாலும் அந்தச் சம்பளத்தைத் தொடுவதில்லை. பழைய சூத்திரம் மரபால் சொன்னதைப் புதிய விதி சம்பளப் பட்டியலால் செய்கிறது. நர்ஸ் வேலைக்குப் பெண்கள் தாமே கடல் கடந்து போய், கணவனும் பிள்ளைகளும் ஊரில் காத்திருக்கும் வீடுகளும் இப்போது நிறைய. பாலையில் பிரிந்திருக்கும் குரல் இப்போது ஆணுடையதாகவும் இருக்கலாம். அந்தக் குரலில் தமிழில் இன்னும் போதுமான கவிதை வரவில்லை.

வாசிக்க ஒரு வரிசை

ஒரு புலம்பெயர் கவிதை கையில் கிடைத்தால், எழுதியவரின் குறிப்பைப் பார்க்காமல் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். பேச்சுமொழி எங்கே வருகிறது, எழுத்துமொழி எங்கே வருகிறது என்பது காதுக்குத்தான் முதலில் தெரியும். பெரும்பாலும் ஒட்டுறவு இருக்கும் இடத்தில் பேச்சு வரும். பிறகு கவிதைசொல்லி நிற்கும் இடத்தையும் காலத்தையும் பென்சிலால் குறியுங்கள். "இப்போது" எது, "அப்போது" எது என்று பிரித்தால் இன்னொன்று தெரியவரும்: பல கவிதைகள் தேடுவது ஊரையே அல்ல, ஊரில் இருந்த வயதை. பத்து வயதில் குளித்த குளத்தை நாற்பது வயதில் தேடுபவர், ஊரைவிட்டுப் போகாமல் இருந்திருந்தாலும் தேடியிருப்பார். அந்தக் கவிதையைப் புலம்பெயர்வின் கணக்கில் வைப்பதா, வயதின் கணக்கில் வைப்பதா என்று நிதானமாக முடிவு செய்யுங்கள்.

அதன்பின் அவர் எந்த வழியில் போனவர் என்று பாருங்கள்: திரும்பவேண்டிய தொழிலாளியா, தங்கக்கூடிய குடியேறியா, தப்பியோடியவரா, அனுப்பப்பட்டவரா, எல்லைக்கோடு மாறியதில் சிக்கியவரா. கடைசியாக அதே ஆளின் கட்டுரை ஒன்றைப் படித்து, கவிதைக்குத் திரும்புங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால், அதாவது வாழ்க்கைக் குறிப்பில் தொடங்கினால், கவிதை வெறும் சான்றாகிவிடும்.

எழுதத் தொடங்குபவர்களுக்கு

போனவர்களும், போனவர்களுக்காகக் காத்திருப்பவர்களும் இந்த மாவட்டத்தில் எழுத வேண்டும் என்பது எங்கள் விருப்பம். தொடங்கும்போது சறுக்கும் இடங்கள் அநேகமாக ஒன்றேதான். சக்கை (பலா), மரச்சீனி (மரவள்ளி), மட்டிப்பழம், தென்னந்தோப்பு, மழை என்று ஊர்ப்பொருட்களைப் பட்டியலாக அடுக்குவது முதல் சறுக்கல். ஒரு கவிதைக்கு ஒரு பொருள் போதும். அதுவும் யாராவது அதை வைத்து ஏதாவது செய்ய வேண்டும்: சக்கையை வெட்டும்போது கையில் எண்ணெய் தடவியது யார், பிசின் ஒட்டிய கத்தியை யார் துடைத்தார்கள் என்று எழுதினால் ஆட்கள் வந்துவிடுவார்கள். ஊரை மாசு இல்லாத இடமாக எழுதுவது இரண்டாவது சறுக்கல். சாதியும் கடனும் சொத்துத் தகராறும் துரத்தித்தான் பலர் போனார்கள். அதை மறைத்து எழுதிய ஊரை யாரும் நம்ப மாட்டார்கள்.

கட்டுரை எழுதுபவர்கள் ஊரில் இருப்பவர்களிடமும் கேட்டு எழுத வேண்டும். பணம் வந்த நாள், கடன் தீர்ந்த மாதம், வீட்டுவேலை நின்றுபோன வருடம் ஆகியவை போனவர் நினைவில் ஒரு மாதிரியும், வீட்டிலிருந்தவர் நினைவில் இன்னொரு மாதிரியும் இருக்கும். இரண்டையும் எழுதலாம், எது யார் சொன்னது என்று குறித்தால் போதும். வாட்ஸ்ஆப் குரல்பதிவுகளை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பேசியவரின் சம்மதம் இல்லாமல் அவர் வார்த்தையை அச்சில் ஏற்றாதீர்கள். ஊர்ப்பேச்சுச் சொற்களைக் கவிதையில் விளக்கமில்லாமல் விடலாம். கட்டுரையில் முதல் தடவை வரும் இடத்தில் அரை வரியில் பொருள் சொல்லிவிட்டு, பிறகு அந்தச் சொல்லையே கடைசிவரை பயன்படுத்துங்கள்.